16 வயதுக்கு ஒரு வாக்கு

மாணவர்கள் தங்கள் படிப்பைத் தாங்களே தீர்மானிக்கும் பள்ளிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கதைகள் கட்டாயம் வந்து சேரும். இரண்டும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில், 1968-இல் தொடங்கப்பட்ட சட்பரி வேலி பள்ளியின் கதைகள். 9 முதல் 12 வயது வரையிலான ஒரு டஜன் பிள்ளைகள் தங்களுக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டும் என்று தாங்களாகவே கேட்டு வந்து, வாரத்துக்கு இரண்டு அரைமணி நேர வகுப்புகளாக 20 வாரங்களில், அதாவது மொத்தம் 20 மணி நேரத்தில், தொடக்கப்பள்ளிக் கணக்கு முழுவதையும் முடித்தார்கள் என்பது முதல் கதை. காலையிலிருந்து மாலை வரை பள்ளிக் குளத்தில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பையன், பல ஆண்டுகளை அப்படியே கழித்துவிட்டு, 15 வயதில் கணினிப் பக்கம் திரும்பி அதையே தொழிலாகவும் ஆக்கிக்கொண்டான் என்பது இரண்டாவது. பள்ளியின் நிறுவனர்களில் ஒருவரான டேனியல் கிரீன்பெர்க் பதிவுசெய்திருக்கும் இந்த இரண்டையும் நான் நம்புகிறேன். ஆனால் இவை என்னை அவ்வளவாக அசைக்கவில்லை. விட்டுவிட்டாலும் பிள்ளை கணக்குக் கற்றுக்கொள்ளும், விட்டுவிட்டாலும் பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று பெற்றோருக்குத் தைரியம் சொல்லும் கதைகள் இவை. பள்ளி எதற்கு என்ற கேள்வியை இருந்த இடத்திலேயே விட்டுவிடுகின்றன.

அந்தப் பள்ளியைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது என்னை நின்று யோசிக்க வைத்தது வேறொன்று. ஆண்டுதோறும் அங்கே ஒரு ரகசிய வாக்கெடுப்பு நடக்கிறது. அடுத்த ஆண்டு எந்தெந்தப் பெரியவர்கள் அந்தப் பள்ளியில் வேலை பார்க்கலாம் என்பதை அதில் மாணவர்களும் பணியாளர்களும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். ஆளுக்கு ஒரு வாக்கு. ஆறு வயதுக் குழந்தைக்கும் ஒன்று, பள்ளியைத் தொடங்கியவருக்கும் ஒன்று. நிரந்தரப் பணி என்ற ஏற்பாடே கிடையாது. பணியாளர்களைவிட மாணவர்கள் பல மடங்கு அதிகம் என்பதால், கிரீன்பெர்க்குக்கே வேலை தொடர வேண்டுமானால் பிள்ளைகள் வாக்களித்தாக வேண்டியிருந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த ஒருவர், தம் வேலையை ஆண்டுக்கு ஒரு முறை பதின்பருவத்துப் பிள்ளைகளின் தீர்ப்புக்கு விட்டார் என்பதை, பணிமூப்புப் பட்டியலை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் நிறைந்த ஆசிரியர் அறைகளில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்த என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

இத்தகைய பள்ளிகள் பதின்பருவத்தினருக்குத் தரும் பெரிய கொடை, வகுப்புக்குப் போகாமல் இருக்கும் உரிமை என்றே பலரும் நினைக்கிறார்கள். அது பாதிதான் என்பது என் எண்ணம். தாங்கள் நாள் முழுவதும் இருக்கும் இடத்தின் சட்டத்தையும் பணத்தையும் ஆட்களையும் தீர்மானிக்கும் அதிகாரம் இன்னொரு பாதி, பதின்பருவத்தைப் பொறுத்தவரை கனமான பாதி. கல்விச் சீர்திருத்தம் பேசுகிறவர்கள் முதல் பாதியிலிருந்து கொஞ்சம் கிள்ளி எடுத்துக்கொள்கிறார்கள்: விருப்பப் பாடம், செயல்திட்டம், மதிப்பெண் இல்லாத ஒரு பருவம். இரண்டாவது பாதியை யாரும் தொடுவதில்லை. தொட்டால் தலைமையாசிரியரின் நாற்காலி ஆடும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

சட்பரி வேலி ஒரு பழைய கல் மாளிகையில் நடக்கிறது. பக்கத்தில் குளம், சுற்றிலும் மரங்கள். 4 வயதிலிருந்து பள்ளி முடிக்கும் வயது வரை உள்ள பிள்ளைகள் ஒன்றாகவே இருக்கிறார்கள். வகுப்புப் பிரிவு இல்லை, கால அட்டவணை இல்லை, மதிப்பெண் இல்லை. ஒன்றைக் கற்க விரும்புகிறவர் தனியாகவோ, கூட்டாளிகளோடோ, பணியாளர் ஒருவரைக் கேட்டுக்கொண்டோ கற்கலாம், கற்காமலும் இருக்கலாம். ஆனால் சட்டம் உண்டு, நிறையவே உண்டு. வாரந்தோறும் கூடும் பள்ளிக் கூட்டம் அதை இயற்றுகிறது. தலைமை தாங்குபவர் தேர்ந்தெடுக்கப்பட்டவர். தீர்மானம் முறைப்படி முன்மொழியப்பட்டு, விவாதிக்கப்பட்டு, பெரும்பான்மையால் நிறைவேறுகிறது. கூட்டத்துக்கு வருவது கட்டாயமில்லை. வராதவர், வந்தவர்கள் போட்ட சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும், அவ்வளவுதான். சமையலறை அடுப்பைத் தொட வேண்டுமானால் அதைப் பாதுகாப்பாகக் கையாளத் தெரியும் என்று முதலில் நிரூபித்து அனுமதி பெற வேண்டும். இசையிலோ சமையலிலோ புகைப்படத்திலோ ஆர்வம் உள்ளவர்கள் தங்களுக்குள் ஓர் அமைப்பை உருவாக்கிக்கொண்டு, பள்ளிக் கூட்டத்திடம் பணம் கேட்டு வாங்கி, கணக்குக் காட்டுகிறார்கள். பெற்றோருக்கும் இடமுள்ள பேரவை ஒன்று ஆண்டு வரவுசெலவுத் திட்டத்துக்கும் கட்டணத்துக்கும் ஒப்புதல் தருகிறது.

இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி நீதிக் குழு. அது பள்ளி நாள்களில் அன்றாடம் கூடுகிறது. வெவ்வேறு வயது மாணவர்கள் முறை வைத்து அதில் உட்காருகிறார்கள், ஒரு பணியாளரும் இருப்பார். குழுவை நடத்தும் எழுத்தர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்கள். ஒருவர் சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் சமையலறையில் விட்டுப் போய்விட்டார், அல்லது அமைதியாக இருக்க வேண்டிய அறையில் சத்தம் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். பார்த்தவர் படிவம் ஒன்றை எடுத்து யார், என்ன, எங்கே, எப்போது என்று எழுதிப் போடுகிறார். குழு அதை வாசித்துக் காட்டுகிறது. சம்பந்தப்பட்டவர்களையும் சாட்சிகளையும் கூப்பிட்டு நடந்ததை விசாரிக்கிறது. விசாரித்ததை அறிக்கையாக எழுதுகிறது. எந்தச் சட்டம் மீறப்பட்டது என்று பார்த்துக் குற்றச்சாட்டு வைக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம்; மறுத்தால் வழக்கு விசாரணை. ஒப்புக்கொண்டால் தண்டனை பெரும்பாலும் சின்னதுதான்: ஒருநாள் அந்த அறைக்குள் போகக் கூடாது, அல்லது ஒரு வேலையைச் செய்து முடிக்க வேண்டும். கடுமையான விவகாரங்கள் பள்ளிக் கூட்டத்துக்குப் போகும். பள்ளியிலிருந்து தற்காலிகமாக நிறுத்தும் அதிகாரம் அங்கே இருக்கிறது. பணியாளர் மேலும் புகார் எழுதலாம். அவரும் வந்து உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும்.

இந்த நடைமுறையைப் படித்தபோது என் கண்முன் நின்றது நம் வகுப்பறைக் கரும்பலகை. ஆசிரியர் வெளியே போகும்போது லீடரிடம் சாக்பீஸைக் கொடுத்துவிட்டுப் போவார். பலகையின் ஓரத்தில் ‘பேசியவர்கள்’ என்ற தலைப்பு, அதன் கீழ் வரிசையாகப் பெயர்கள், மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, அடங்காதவனுக்கு மூன்று நான்கு குறிகள். லீடரின் நண்பன் பெயர் அதில் வந்ததே இல்லை. வந்தாலும் ஆசிரியரின் செருப்புச் சத்தம் கேட்டதும் விரலால் அழிக்கப்பட்டுவிடும். பெயர் எழுதப்பட்டவனை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பென்சில் கடன் கேட்டேன் சார் என்று அவன் சொல்ல வாய் திறப்பதற்குள் கையை நீட்டச் சொல்லியிருப்பார்கள். 17 வயதுப் பிள்ளைகள் வரை இதே முறையில்தான் நாம் பொறுப்பைக் கற்றுக்கொடுத்தோம். தனியார் பள்ளிகளில் இதற்கு எஸ்.பி.எல்., அதாவது பள்ளி மாணவர் தலைவர், என்று பெயரும் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பட்டையும் உண்டு. தேர்தல்கூட நடக்கும், வென்றவர் செய்ய வேண்டியது காலைக் கூட்டத்தில் உறுதிமொழி வாசிப்பது. அதிகாரத்தின் அலங்காரம் முழுவதும் அங்கே இருந்தது, தீர்மானிப்பதற்கு மட்டும் ஒன்றும் இல்லை. கரும்பலகையில் பெயர் எழுதும் பிள்ளை மேலே இருப்பவருக்கு ஆள் காட்டக் கற்கிறது. படிவத்தில் எழுதும் பிள்ளை, தான் எழுதியதை நாளைக்கு நேருக்கு நேர் நின்று நிரூபிக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தே எழுதுகிறது. இந்த வேறுபாட்டை எந்தக் குடிமையியல் பாடத்தாலும் கற்றுத்தர முடியாது.

பதின்பருவத்துக்கு இது ஏன் குறிப்பாகத் தேவை என்று கேட்கலாம். ஐந்து வயதுக் குழந்தை தன்னைச் சுற்றியுள்ள பெரியவர்களின் ஏற்பாட்டுக்குள் பெரும்பாலும் நிம்மதியாகவே இருக்கிறது. 14 வயதில் அந்த நிம்மதி போய்விடுகிறது. உடல் வளர்ந்துவிட்டது, நியாய அநியாயம் கூர்மையாகத் தெரிகிறது, சக வயதினரின் பார்வை எல்லாவற்றையும்விட முக்கியமாகிவிட்டது. ஆனால் சிறுநீர் கழிக்கப் போகவும் கையைத் தூக்கி அனுமதி கேட்க வேண்டும். இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு முன் இந்த வயதில் வயலிலோ கடையிலோ பட்டறையிலோ பெரியவர்களுக்கு நடுவில் உண்மையான வேலையோடு இருந்தார்கள். அந்தக் காலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை; அந்த வேலையில் சுரண்டல் இருந்தது, பள்ளி அதிலிருந்து பல கோடிப் பிள்ளைகளை மீட்டது. மீட்டெடுத்த பிறகு, அவர்களுடைய கையில் உண்மையான எதையும் பள்ளி கொடுக்கவில்லை. சக வயதினர் மட்டும் நாற்பது ஐம்பது பேர் ஓர் அறையில். தங்களைவிடச் சின்னவர்களைக் கவனிக்கும் வாய்ப்பு இல்லை, தங்களைவிடப் பெரியவர்களிடம் சமமாகப் பேசும் வாய்ப்பும் இல்லை.

சட்பரி வேலியில் வயதுகள் கலந்திருப்பதன் விளைவை பீட்டர் கிரே, ஜே ஃபெல்ட்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட கட்டுரை ஆராய்கிறது. அவர்கள் கவனித்தது குறிப்பாகப் பதின்பருவத்தினரும் சிறு குழந்தைகளும் தாமாகச் சேர்ந்து பழகும் நேரங்களை. சின்னப் பிள்ளைகள் தங்களுக்குள் மட்டும் ஆடியிருந்தால் நடுவிலேயே குலைந்துபோகும் சீட்டாட்டம், பெரிய பிள்ளைகள் கூட இருந்தால் நடந்து முடிகிறது. சீட்டை மற்றவர் கண்ணில் படாமல் பிடி, யார் எதைப் போட்டார்கள் என்று பார் என்று அவர்கள் நினைவூட்டிக்கொண்டே இருக்கிறார்கள். கற்பிக்க வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு இல்லை. ஆட்டம் நடக்க வேண்டும், அதுதான். இதில் அதிகம் பயனடைவது சின்னவர்களா பெரியவர்களா என்று என்னைக் கேட்டால், பெரியவர்கள் என்பேன். யாரோ ஒருவருக்குத் தான் தேவைப்படுகிறோம் என்பதை 15 வயதில் அறியாத பிள்ளை, அதை வேறு இடங்களில் தேடிப் போகும்.

சட்பரி வேலி தனியார் பள்ளி, பெற்றோர் தேடித் தேர்ந்தெடுத்து அனுப்பும் பள்ளி. எனவே அங்கே நடப்பது மற்ற இடங்களில் நடக்காது என்று சொல்ல வழியிருக்கிறது. அதற்காகவே நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது, அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் தொலைவில், கேம்பிரிட்ஜ் நகரின் அரசு உயர்நிலைப் பள்ளிக்குள்ளேயே 1974-இல் தொடங்கிச் சில ஆண்டுகள் நடந்த கிளஸ்டர் பள்ளியை. ஹார்வர்டில் ஒழுக்க வளர்ச்சி பற்றிய உளவியலில் பெயர்பெற்ற லாரன்ஸ் கோல்பெர்க் அதற்குப் பின்னால் இருந்தார். மருந்து வாங்கப் பணமில்லாத கணவன் திருடலாமா என்பது போன்ற கற்பனைச் சிக்கல்களைக் கொடுத்துப் பிள்ளைகளின் பதில்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர் அவர். 1969-இல் இஸ்ரேலின் கிப்புட்ஸ் என்ற கூட்டு வாழ்க்கைக் குடியிருப்பு ஒன்றில் வளர்ந்த பிள்ளைகளைப் பார்த்த பிறகு, கற்பனைச் சிக்கலை விவாதிப்பது போதாது, பிள்ளைகள் தங்கள் சொந்தச் சிக்கலைத் தாங்களே முடிவுசெய்யும் பள்ளி வேண்டும் என்ற எண்ணத்துக்கு வந்தார். கிளஸ்டரில் பாடங்கள் இருந்தன, வருகைப் பதிவும் இருந்தது. சட்டம் மட்டும் வாரக் கூட்டத்தின் கையில். ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஆளுக்கு ஒரு வாக்கு.

முதல் கூட்டமே வேடிக்கையாக முடிந்தது. மதிய வகுப்புகள் விருப்பமானால் வரலாம் என்று ஆக்கிவிடலாமே என ஒரு மாணவர் முன்மொழிய, கூட்டம் உடனே அதை நிறைவேற்றிவிட்டது. இது சும்மா கருத்தறியும் வாக்கெடுப்புதான், மாநிலச் சட்டம் இத்தனை மணி நேரம் படிப்பு வேண்டும் என்கிறது என்று ஆசிரியர்கள் அவசரமாக எழுந்து சொல்ல வேண்டியதாயிற்று. எந்தெந்த விஷயத்தில் கூட்டத்துக்கு அதிகாரம் உண்டு, எதில் இல்லை என்பதை முதலிலேயே சொல்லாமல் ஜனநாயகம் என்று அறிவித்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. நம் ஊரில் யாராவது இப்படி ஒன்றைத் தொடங்குவதாக இருந்தால், அன்றைக்கு அவர்கள் பட்ட பாட்டை முதலில் படித்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

பிறகு திருட்டுப் பிரச்சினை வந்தது. முதல் ஆண்டில் பொருள்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. திருடினால் இன்ன தண்டனை என்று சட்டம் போட்டார்கள். ஆனால் விவாதத்தில் பெரும்பாலான பிள்ளைகள் அதைத் திருடியவருக்கும் பறிகொடுத்தவருக்கும் இடையிலான விவகாரமாகவே பார்த்தார்கள். கவனக்குறைவாக வைத்தால் போகத்தான் செய்யும் என்பது பொதுவான மனநிலை. அடுத்த ஆண்டு ஒரு மாணவியின் பையிலிருந்து 9 டாலர் போனது. எடுத்தது யார் என்று ஒருவரும் சொல்லவில்லை. கூட்டத்தில் சில மாணவர்கள் ஒரு யோசனையோடு வந்தார்கள்: பணம் திரும்பி வராவிட்டால் ஆளுக்கு 15 சென்ட் போட்டு அவளுக்குக் கொடுத்துவிடுவோம். நான் எடுக்கவில்லையே, நான் ஏன் போட வேண்டும் என்ற கேள்வி உடனே எழுந்தது. ஒருவர் பொருளை இன்னொருவர் எடுக்கும் அளவுக்கு நாம் இந்த இடத்தைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்கிறோம், அது நம் எல்லோருடைய தவறு என்று மற்ற தரப்பு வாதாடியது. வாதாடியவர்கள் பதின்பருவத்துப் பிள்ளைகள். தீர்மானம் நிறைவேறியது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் அங்கே திருட்டு நின்றுபோனதாக ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள்.

இந்த 15 சென்ட்டை நான் மிகவும் மதிக்கிறேன். நம் பள்ளிகளில் பணம் காணாமல் போனால் நடப்பது என்ன என்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்: பைகள் கொட்டப்படும், சந்தேகம் வழக்கமாக விழும் பிள்ளைகள் மேல், அதாவது ஏழைப் பிள்ளைகள் மேல் விழும், ஒருவர் அழுவார், பணம் கிடைக்காது. திருடியவரைப் பிடிக்காமலே இழந்தவருக்கு நியாயம் செய்ய முடியும் என்ற எண்ணம் பெரியவர்களான எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. தோன்றாததற்குக் காரணம் அறிவுக்குறைவு அன்று. ஆசிரியர் ஒருவர் அதைச் சொல்லியிருந்தால் அது தண்டனை வசூல் ஆகியிருக்கும். வாக்குள்ளவர்கள் தங்களுக்குள் முடிவு செய்யும்போது மட்டுமே அது பொறுப்பு ஆகிறது.

பெரியவர்கள் இந்த ஏற்பாட்டுக்குள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு முன்மாதிரி இன்னும் பழையது. போலந்தின் வார்சாவில் 1912 முதல் யூத அநாதைக் குழந்தைகளுக்கான இல்லத்தை நடத்திய மருத்துவர் யானுஷ் கோர்சாக், பிள்ளைகளே நீதிபதிகளாக இருக்கும் நீதிமன்றம் ஒன்றை அங்கே வைத்திருந்தார். அதன் சட்டத் தொகுப்பில் முதல் 99 பிரிவுகளும் மன்னிப்பு பற்றியவை. ஆறு மாத காலத்தில் ஐந்து முறை தம் மீது தாமே வழக்குக் கொடுத்ததை அவர் எழுதியிருக்கிறார். ஒரு பையனைக் காதில் அடித்தது, ஒரு சிறுமி திருடியதாகச் சந்தேகப்பட்டது ஆகியவை அந்த வழக்குகளில் சில. 1942 ஆகஸ்டில் அந்தப் பிள்ளைகளோடு அவரும் நாஜிகளின் டிரெப்ளிங்கா கொலை முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த மரணத்தையே பேசுகிறார்கள். எனக்கு அந்த ஐந்து வழக்குகளும் அதே அளவுக்குப் பெரியவை.

இங்கிலாந்தின் சம்மர்ஹில் பள்ளி இந்த வகையில் எல்லோரும் அறிந்தது. ஏ. எஸ். நீல் 1921-இல் ஜெர்மனியில் தொடங்கி, 1927 முதல் சஃபோக் பகுதியின் லெய்ஸ்டனில் நடத்திய உறைவிடப் பள்ளி அது. சட்பரி போலன்றி அங்கே கால அட்டவணையும் ஆசிரியர்களும் உண்டு. வகுப்புக்குப் போவதும் போகாததும்தான் பிள்ளையின் விருப்பம். மற்றப் பள்ளிகளிலிருந்து வரும் பிள்ளைகள் பாடத்தின் மீதான வெறுப்பிலிருந்து மீளச் சராசரியாக மூன்று மாதம் ஆகிறது என்றும், கான்வென்ட்டிலிருந்து வந்த ஒரு பெண் மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டாள் என்றும் நீல் எழுதினார். பதின்பருவத்தில் வந்து சேரும் பிள்ளைக்கு இந்த இடைவெளி தவிர்க்க முடியாதது. பெற்றோர் பெரும்பாலும் உடைந்துபோவதும் அங்கேதான். பிள்ளை காலையில் சோபாவில் படுத்து மாலையில் எழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதற்கு, தத்துவம் அல்ல, நெஞ்சழுத்தம் வேண்டும். என்னிடம் அது எவ்வளவு இருந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

1999-இல் அரசின் ஆய்வாளர்கள் சம்மர்ஹில்லுக்கு வந்து, சோம்பித் திரிவதைத் தனிமனித சுதந்திரம் என்று பிள்ளைகள் பலர் தவறாக எண்ணிக்கொள்ள அந்தப் பள்ளி விட்டுவிட்டது என்ற பொருளில் அறிக்கை கொடுத்தார்கள். கல்வி அமைச்சர் டேவிட் பிளங்கெட்டின் துறை, குறைகளைத் திருத்தாவிட்டால் பள்ளியைப் பதிவேட்டிலிருந்து நீக்குவதாக அறிவிப்பு அனுப்பியது. பிள்ளைகள் வகுப்புக்கு வராமல் இருக்கலாம் என்பதுதான் குறைகளில் முக்கியமானது. அதைத் திருத்தினால் பள்ளியே இல்லை. அப்போது நீலின் மகள் ஜோயி ரெட்ஹெட் பள்ளியை நடத்திக்கொண்டிருந்தார். பள்ளி மேல்முறையீடு செய்தது. 2000 மார்ச்சில் லண்டன் அரச நீதிமன்றக் கட்டடத்தில் தீர்ப்பாயம் கூடியது. சில நாள்களில் அரசுத் தரப்பு சமரசத்துக்கு வந்தது. ஒப்பந்தத்தை ஏற்பதா வேண்டாமா என்பதை நிர்வாகி ஒருவர் முடிவு செய்யவில்லை. வந்திருந்த மாணவர்கள் அந்த நீதிமன்ற அறையிலேயே தங்கள் பள்ளிக் கூட்டத்தை முறைப்படி கூட்டினார்கள். தலைமை ஒருவர், விவாதம், வாக்கெடுப்பு. அரசின் வழக்கறிஞர்கள் உட்கார்ந்த அதே நாற்காலிகளுக்கு நடுவில் நின்று, தங்கள் பள்ளியின் எதிர்காலத்தை வாக்களித்து ஏற்றுக்கொண்டார்கள். வகுப்புக்கு வருவது விருப்பம் என்பது அப்படியே நின்றது. இனி ஆய்வு நடக்கும்போது பிள்ளைகளின் கருத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. இந்தப் பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்று கேட்கும் எந்த ஆய்வாளருக்கும் அந்த ஒரு மணி நேரத்தைக் காட்டலாம்.

இனி, எனக்கு இருக்கும் சங்கடங்களையும் சொல்ல வேண்டும். கூட்டம் என்றால் பேசத் தெரிந்தவர் ஜெயிப்பார். வீட்டில் புத்தகமும் விவாதமும் உள்ள பிள்ளை 13 வயதிலேயே தீர்மானத்துக்குத் திருத்தம் கொண்டுவரும். கூச்சமுள்ள பிள்ளை கடைசி வரிசையில் இருந்து கையை மட்டும் தூக்கும். ரகசிய வாக்கு இதைக் குறைக்கிறது, ஒழிக்கவில்லை. நம் ஊரில் சாதியும் ஆணாதிக்கமும் அதே கூட்டத்தில் வந்து உட்காரும். பெரும்பான்மை என்பது யாருடைய பெரும்பான்மை என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். பெரும்பான்மையால் தொட முடியாத சில உரிமைகள் எழுதி வைக்கப்படாத பள்ளியில் என் பிள்ளையைச் சேர்க்க மாட்டேன். இரண்டாவது, பணம். சட்பரி வேலிக்கு அரசு நிதி இல்லை, கட்டணம் உண்டு. அங்கு தோற்றாலும் தாங்கிப் பிடிக்கக் குடும்பம் இருக்கிறது என்ற நிலையில் உள்ளவர்களே இந்தத் துணிச்சலுக்கு எளிதில் வருவார்கள்.

மூன்றாவது, சான்று. பாஸ்டன் கல்லூரி உளவியலாளரான பீட்டர் கிரே, டேவிட் சானாஃபுடன் சேர்ந்து 1986-இல் சட்பரி வேலியின் பழைய மாணவர்களைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார். தேடிக் கண்டறிந்த 76 பேரில் 69 பேர் பதில் சொன்னார்கள். கல்லூரிக்குப் போக விரும்பியவர்கள் போனார்கள், பலதரப்பட்ட தொழில்களில் இருந்தார்கள், பள்ளி தங்களுக்குப் பொறுப்புணர்வைக் கொடுத்ததாகச் சொன்னார்கள். நல்ல செய்திதான். ஆனால் 69 பேர் சிறிய எண்ணிக்கை. கிரேயின் மகனே அந்தப் பள்ளியில் படித்தவர். மற்றப் பள்ளியில் படித்திருந்தால் இவர்கள் என்ன ஆகியிருப்பார்கள் என்பதற்கு ஒப்பீடு இல்லை. இந்தப் பிள்ளைகள் வீணாகவில்லை என்பதற்கு அது போதுமான சான்று. எல்லோருக்கும் இதுவே சிறந்தது என்று அதை வைத்துச் சொல்வது கூடாது.

மதிப்பெண் பட்டியல் இல்லாமல் வெளியே வருவது அமெரிக்காவில் சமாளிக்கக்கூடியது. கல்லூரிகள் நேர்முகத்தையும் கட்டுரையையும் பார்க்கின்றன. சட்பரி வேலியே, பள்ளிப் படிப்பை முடித்ததற்குத் தான் தரும் பட்டயத்துக்கு ஒரு விசித்திரமான தேர்வை நீண்ட காலம் வைத்திருந்தது: வெளியுலகில் பொறுப்புள்ள பெரியவராக வாழத் தன்னைத் தானே தயார்செய்துகொண்டிருக்கிறேன் என்பதை மாணவர் வாதிட்டு நிறுவ வேண்டும், கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும், பிறகு வாக்கெடுப்பு. நம்மிடம் எல்லாக் கதவும் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழில் தொங்குகிறது. தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகத் தேர்வு எழுதலாம் என்ற வழி இருப்பதால், இந்தியாவில் மாற்றுப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளும் வீட்டில் படிப்பவர்களும் அதைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். தேவையான ஓராண்டு ஈராண்டு உட்கார்ந்து படித்துத் தேர்வை முடிப்பது, விருப்பத்தோடு செய்யும் 16 வயதுப் பிள்ளைக்கு முடியாத காரியமல்ல. தடை அங்கே இல்லை என்றே நினைக்கிறேன்.

தடை, அதிகாரத்தைக் கைமாற்றுவதில் இருக்கிறது. அதற்குத் தனிப் பள்ளி கட்ட வேண்டியதில்லை என்பதைக் கிளஸ்டர் காட்டியிருக்கிறது. பாடத்திட்டத்தையும் வருகைப் பதிவையும் அப்படியே விட்டுவிட்டு, ஆண்டுவிழாவின் பணத்தையும் விளையாட்டுச் சாமான் வாங்கும் பணத்தையும் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளின் கூட்டத்திடம் விடலாம். பேச்சு, தாமதம், நூலகப் புத்தகம் போன்ற சிறு விவகாரங்களை விசாரிக்கும் குழுவை அவர்களே தேர்ந்தெடுக்கலாம். அந்தக் குழுவின் முன் ஆசிரியரும் வர வேண்டும். தலைமையாசிரியர்களிடம் இதைச் சொன்னால், ஆய்வுக்கு வரும் அதிகாரிக்கு யார் பதில் சொல்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்த அதிகாரி வரும் நாளில் கணக்கு நோட்டை மேசையில் வைத்துப் பதில் சொல்ல வேண்டியவர், அதை எழுதிய பதினோராம் வகுப்பு மாணவிதான். சட்டமும் இதற்கு முற்றிலும் எதிராக இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் 2010-இல் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். மீதியில் மூன்றில் ஒரு பங்கை உள்ளூர்க் கல்வியாளர்களிலிருந்தோ அந்தப் பள்ளியின் பிள்ளைகளிலிருந்தோ பெற்றோர் தேர்ந்தெடுக்கலாம். அந்த இடங்களில் ஒன்றில் பிள்ளை ஒருவரை உட்கார வைக்க, குழுவில் உள்ள பெற்றோரில் யாராவது ஒருவர் எழுந்து முன்மொழிந்து, மற்றவர்கள் ஏற்றால் போதும். அந்த விதி எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதாம் வகுப்புக்கு மேலே உள்ளவர்களுக்கு அத்தகைய இடத்தை இனிமேல்தான் கேட்டு வாங்க வேண்டும், அதையும் அவர்களே கேட்க வேண்டும்.